‘நானும் கண்டேன்’ என்று சொல்ல ஒருவர்

(வாவிக்கரைக் கிராமமொன்றின் வாசகசாலையில் ‘மூடுபனி’ திரைப்படம் காட்டப்பட்ட பின்னர், ‘மனத்தை உலுக்கும் திகிற் படங்கள்’ என்னும் பொருளில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரையின் முழு வடிவம்.)



நாம் இப்பொழுது பார்த்து முடித்த படத்தில் வாட்போர் இல்லை. பேயும் பிசாசும் இல்லை. மாளிகையின் மாடிப்படியில் வெள்ளைச் சேலையோடு இறங்கிவரும் ஆவியும் இல்லை. ஓடிய இரத்தத்தைக் கணக்கெடுத்தாலும், நாம் வழமையாகப் பார்க்கும் சண்டைப் படமொன்றில் ஓடுவதில் பத்தில் ஒரு பங்கும் தேறாது. அப்படியிருந்தும் சண்டைப் படம் முடிந்ததும் சிரித்துப் பேசிக்கொண்டு வீடு செல்லும் நாம், இன்று பேச்சற்று அமர்ந்திருக்கிறோம். ஏன்? நூறு பேர் மாண்டாலும் கலங்காத மனம், சாந்தமான குரலில் பேசும் ஓர் இளைஞனைக் கண்டு ஏன் கலங்குகிறது? இந்த ஒரு கேள்விக்கு மறுமொழி தேடுவதே என் பேச்சின் நோக்கம்.

இந்தப் படத்தை எடுத்தவர் நமக்கு அந்நியரல்லர். மாமாங்கேசுவரர் கோயில் கொண்டருளும் அமிர்தகழியில் 1939 ஆம் ஆண்டு பிறந்தவர் பாலு மகேந்திரா. இந்த வாவியின் காற்றைக் குடித்து வளர்ந்து, பூனாத் திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு பயின்று, மலையாளம், கன்னடம், தெலுங்கு, தமிழ் என நான்கு மொழிகளிலும் கமராவைக் கையாண்டு, 2014 இல் சென்னையில் மறைந்தார். 1977 இல் கன்னடத்தில் ‘கோகிலா’. 1979 இல் தமிழில் ‘அழியாத கோலங்கள்’. அடுத்த ஆண்டு, 1980 இல், இராஜேந்திரகுமாரின் நாவலொன்றைத் தழுவி ‘மூடுபனி’. இது இளையராஜா இசையமைத்த 100 ஆவது படம். இதிலே ரேகாவாக நடித்த ஷோபா, படம் திரைக்கு வருமுன்னரே 1980 மே மாதத்தில் காலமானார். நம் மண்ணில் பிறந்த ஒருவர் எடுத்த படமென்று பெருமைப்படுவதோடு நின்றுவிடாமல், அவர் என்ன செய்தார், எப்படிச் செய்தார், எதைச் செய்யாது விட்டார் என்று ஆராய்வதே அவருக்கு நாம் செய்யும் மரியாதையாகும்.

காணாத யானை

படுவான்கரை வேளாண் மக்களை ஒன்று கேட்கிறேன். வெள்ளாமை விளைந்து நிற்கும் காலத்தில், இரவில் வயல் வாடியிலே காவலிருக்கிறீர்கள். யானை வரம்பில் வந்து நிற்கிறது. நிலவொளியில் உங்கள் கண்ணுக்குத் தெரிகிறது. அச்சம் உண்டு, ஆயினும் என்ன செய்யவேண்டுமென்பது உங்களுக்குத் தெரியும். வெடி கொளுத்துவீர்கள், கூவுவீர்கள், தீப்பந்தம் எடுப்பீர்கள். ஆனால் காட்டோரத்தில் ஒரு கிளை முறியும் ஓசை மட்டும் கேட்டு, பின்னர் ஒன்றும் கேளாமற் போனால்? அந்த மௌனத்திலேதான் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. கண்ட யானை ஓரிடத்தில் நிற்கும். காணாத யானை நாற்றிசையிலும் நிற்கும்.

திகிற் படக் கலையின் முதற் பாடம் இதுதான். ஆங்கிலேய இயக்குநர் அல்பிரட் ஹிட்ச்கொக், பிரெஞ்சு இயக்குநர் ட்ரூபோவுடன் 1962 இல் நிகழ்த்திய நீண்ட உரையாடலில் இதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கினார். மேசையைச் சுற்றிச் சிலர் இருந்து பேசுகிறார்கள். மேசைக்குக் கீழே வெடிகுண்டு ஒன்று இருக்கிறது. அது இருப்பதைச் சொல்லாமலே வெடிக்கவைத்தால், பார்ப்பவர் திடுக்கிடுவது சில விநாடிகள் மட்டுமே. குண்டு இருப்பதை நமக்குக் காட்டிவிட்டு, மேசையில் இருப்பவர்களுக்குக் காட்டாமல் விட்டால், அவர்கள் பேசும் ஒவ்வொரு வீண்வார்த்தையும் நமக்கு வேதனையாகிறது. ‘எழுந்து போங்கள்’ என்று கத்தவேண்டும்போல் இருக்கிறது. கத்தினாலும் திரைக்குள் இருப்பவர்களுக்குக் கேளாது.

‘மூடுபனி’யிலே கொலையாளி யார் என்பது நமக்கு மறைக்கப்படவில்லை. துப்பறியும் கதையிலே கடைசிப் பக்கத்திற்கு ஒளித்துவைக்கப்படும் பெயரை, இவர் தொடக்கத்திலேயே நம் கையில் கொடுத்துவிடுகிறார். ஆகவே ‘யார்?’ என்ற கேள்வி நமக்கு இல்லை. ரேகா அவனோடு சாதாரணமாகப் பேசுகிறாள். நமக்கு உள்ளங்கை வியர்க்கிறது. நமக்குத் தெரிந்தது அவளுக்குத் தெரியாது. தெரிந்த நமக்கோ அவளிடம் சொல்ல வழியில்லை. சாட்சிக் கூண்டில் ஏற்றப்பட்டு, வாய் கட்டப்பட்ட சாட்சியின் நிலை நம்முடையது. இந்த நிலையை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். இறுதியில் இதற்கே திரும்பி வரவேண்டியிருக்கும்.

கண்ணுக்கு எட்டாததைக் காதுக்கு எட்டவைப்பதும் இக்கலையின் வழி. இதை நமக்குப் பிறர் கற்பிக்கவேண்டியதில்லை. பூரணை இரவில் கல்லடிப் பாலத்தருகே தோணியை நிறுத்தி, துடுப்பை நீருக்குள் இறக்கி, அதன் மறுமுனையிற் காதை வைத்துக் கேட்டவர்கள் இங்கே இருக்கிறீர்கள். அடியிலிருந்து ஒரு மெல்லிய ஒலி எழுகிறது. மீனா, ஊரியா, எது பாடுகிறதென்று கண்டவர் எவருமில்லை. பகலில் கேட்டால் இனிமை. நள்ளிரவில் தனியே கேட்டால் மயிர் கூச்செறியும். ஒலி ஒன்றே, அதன் பிறப்பிடம் தெரியாமையே அதை வேறாக்குகிறது. நல்ல திகிற் பட இயக்குநர் எல்லாவற்றையும் காட்டிவிடுவதில்லை. பனியை இறக்கி, ஓசையை மட்டும் நம் பக்கம் அனுப்புகிறார்.

அறிந்த முகம் அந்நியமாதல்

இருளும் ஓசையும் மட்டும் போதுமா? போதா. அவை திரை அணைந்ததும் அணைந்துவிடும். வீடுவரை நம்மைத் தொடர்ந்து வருவது வேறொன்று. அது, அறிந்த முகம் அறியாத முகமாக மாறும் அந்தக் கணம்.

வியன்னா நகரத்து மனநோய் மருத்துவர் சிக்மண்ட் பிராய்ட் 1919 இல் எழுதிய ஒரு கட்டுரையில் இதை ஆராய்ந்தார். முற்றிலும் புதியதொன்று நம்மை அவ்வளவாகக் கலக்குவதில்லை. நெடுங்காலம் பழகியது, வீட்டுக்குரியது, வேறொரு முகத்தோடு திரும்பி வரும்போதே மனம் நடுங்குகிறது என்பது அவர் கருத்தின் சாரம். காட்டுப் புலியைக் கண்டால் ஓடலாம். அதே பாயில், அதே உலைமூடியின் கீழ் வாழும் ஒருவரைக் கண்டு எங்கே ஓடுவது?

1960 இல் வெளிவந்த ஹிட்ச்கொக்கின் ‘சைக்கோ’வில் கொலைகாரன் எப்படி வருகிறான்? கூச்சமுள்ள இளைஞனாக வருகிறான். மழையில் நனைந்து வந்த பெண்ணுக்கு உண்ண ரொட்டியும் குடிக்கப் பாலும் கொண்டுவந்து கொடுக்கிறான். தாயைப் பற்றி அன்போடு பேசுகிறான். குளியலறைக் கொலைக் காட்சியில் கத்தி உடலில் இறங்குவதை நாம் கண்டதாக நினைக்கிறோமே தவிர, உண்மையில் நாம் காண்பது கத்தி, கை, நீர், முகம் ஆகியவற்றின் துண்டுகளைத்தான். பேர்னாட் ஹெர்மனின் தந்திவாத்தியங்கள் மிச்சத்தை நம் தலைக்குள் செய்துமுடிக்கின்றன. படம் பாதியைத் தாண்டுமுன்னரே நாயகி கொல்லப்படுகிறாள். கதாநாயகி இறுதிவரை இருப்பாள் என்பது படம் பார்ப்பவன் இயக்குநரோடு செய்துகொண்ட எழுதாத உடன்படிக்கை. அதைக் கிழித்தெறிந்த பின் எதைத்தான் நம்புவது? காலடி மண் நழுவுகிறது.

தமிழ்த் திரையும் இதை அறியாததன்று. ‘மூடுபனி’க்கு 26 ஆண்டுகளுக்கு முன், 1954 இல், வீணை வித்துவான் எஸ். பாலசந்தர் ‘அந்த நாள்’ படத்தை எடுத்தார். பாட்டின்றிப் படமில்லை என்றிருந்த காலத்தில் ஒரு பாட்டுமில்லாமல் எடுத்தார். இரண்டாவது உலக யுத்தத்தில் சென்னைமீது யப்பானியர் குண்டு வீசிய 1943 ஆம் ஆண்டுக் காலம். வானொலிப் பொறியியலாளன் ஒருவன் சுடப்பட்டு இறந்துகிடக்கிறான். ஒவ்வொருவரும் தத்தம் பார்வையில் கதை சொல்கிறார்கள். ஒவ்வொன்றும் உண்மைபோலவே ஒலிக்கிறது. இறந்தவன் தாய்நாட்டைக் காட்டிக்கொடுத்தவன் என்பதும், சுட்டது அவன் மனைவியே என்பதும் இறுதியில் வெளியாகின்றன. கணவனை மனைவி அறிந்திருக்கவில்லை. மனைவியை ஊர் அறிந்திருக்கவில்லை. ஒரே கூரையின் கீழ் இரு அந்நியர்!

‘மூடுபனி’யின் சந்துரு மீசை முறுக்கிய கயவன் அல்லன். படித்தவன், பண்புள்ளவன், கிற்றார் வாசிப்பவன். பெற்ற தாய் தந்தையின் கையால் பட்ட துன்பத்தைக் குழந்தைக் கண்ணாற் கண்டு, அந்தப் புண் ஆறாமலே வளர்ந்தவன். அவனைத் தெருவில் கண்டால் நாம் வழிவிட்டு நிற்கமாட்டோம், வணக்கம் சொல்லுவோம். பாலு மகேந்திரா அவனைச் சுற்றிப் பயங்கரமான இருளை வார்க்கவில்லை. சாதாரண வீடு, சாதாரண வெளிச்சம், உதகமண்டலத்தின் மரங்களும் பனியும். மங்களமான காட்சியின் நடுவே அமங்கலத்தை இருத்தினார். அதனாலேயே, படம் முடிந்த பின் நம்மைச் சுற்றியுள்ள சாதாரண வெளிச்சத்தையும் நாம் சந்தேகத்தோடு பார்க்கிறோம்.

நாமும் உடந்தையா?

அடுத்து வருவது சட்டம் பயின்ற எவனையும் நிமிர்ந்து உட்காரவைக்கும் இடம். ‘சைக்கோ’வில், கொலையுண்ட பெண்ணின் உடலை அவளுடைய காரிலேயே ஏற்றி, அந்தக் காரைச் சதுப்பு நிலத்தில் தள்ளிவிடுகிறான் அந்த இளைஞன். கார் மெல்ல மெல்ல அமிழ்கிறது. பாதி அமிழ்ந்ததும் நின்றுவிடுகிறது. அவன் முகம் வெளிறுகிறது. அந்த விநாடியில் பார்ப்பவர்களின் மூச்சும் நின்றுவிடுகிறது. ‘ஐயோ, அமிழட்டுமே!’ என்று உள்ளம் சொல்கிறது. மீண்டும் கார் அமிழத் தொடங்குகிறது. நாமும் மூச்சு விடுகிறோம். மூச்சு விட்ட பின்னரே புரிகிறது: நாம் ஆசைப்பட்டது ஒரு கொலையின் சான்று மறைக்கப்படவேண்டுமென்று!

குற்றச் சட்டம் செயலை மட்டும் பார்ப்பதில்லை, மனத்தையும் பார்க்கிறது. அந்த மன்றத்தில் நிறுத்தினால், கொட்டகையில் இருந்த அத்தனைபேரும் எதிரிக் கூண்டில் ஏறவேண்டியவர்களே. பிறர் குற்றத்தைக் காட்டுவது சாதாரணப் படம். நம் உள்ளத்தில் குற்றத்துக்கு எவ்வளவு இடம் உண்டென்று காட்டுவதே மனத்தை உலுக்கும் படம். ‘மூடுபனி’யிலும் அப்படியே. சந்துரு அழும்போது நாமும் இளகினோம்; அவன் பாடும்போது மயங்கினோம். பூட்டிய வீட்டுக்குள் ஒரு பெண் சிறைவைக்கப்பட்டிருக்கிறாள் என்பதைச் சில நிமிடங்கள் மறந்தே போனோம். அவ்வளவு விரைவில் மறக்கக் கூடியவர்களா நாம்? படம் கேளாமற் கேட்கும் கேள்வி அது.

ஊரே மறுக்கும்போது

இவை எல்லாவற்றிலும் கொடியது இனி நான் சொல்லப்போவது. கண்ணால் கண்டதை, காதால் கேட்டதை, ‘அப்படி ஒன்றும் நடக்கவில்லை, உனக்குத்தான் பித்து’ என்று சுற்றியிருப்போர் சொல்லும் நிலை அது.

பற்றிக் ஹமில்ரன் என்ற ஆங்கிலேயர் 1938 இல் ஒரு நாடகம் எழுதினார். அது ‘காஸ்லைற்’ என்ற பெயரில் 1944 இல் அமெரிக்காவில் படமாக வந்தது. நாயகி இங்கிறிட் பேர்க்மனுக்கு ஒஸ்கார் பரிசும் கிடைத்தது. கணவன் ஒருவன், வீட்டின் மேல்மாடியில் ஒளித்துவைக்கப்பட்ட நகைகளை இரவில் இரகசியமாகத் தேடுகிறான். அவன் அங்கே விளக்கேற்றும்போதெல்லாம் கீழே மனைவியின் அறையில் எரிவாயு விளக்கு மங்குகிறது. மேலே காலடியோசை கேட்கிறது. அவள் சொல்கிறாள், அவன் மறுக்கிறான். பொருள்களை அவனே ஒளித்துவைத்துவிட்டு, அவள் தொலைத்துவிட்டதாகச் சொல்கிறான். நாளடைவில் அவளே தன் கண்ணை நம்பாதவளாகிறாள். கத்தியில்லை, குருதியில்லை; ஒரு மனிதப் பிறவியின் அறிவு சிறிது சிறிதாகத் திருடப்படுவதை நாம் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

அவளை மீட்டது எது தெரியுமா? துப்பாக்கியன்று. துப்பறியும் அலுவலன் ஒருவன் அந்த அறைக்கு வருகிறான். விளக்கு மங்குகிறது. மங்குவதை அவனும் காண்கிறான். அவ்வளவுதான்! வேறொரு மனிதன் ‘நானும் கண்டேன்’ என்றதும், இத்தனை நாள் பித்தி என்று பட்டம் கட்டப்பட்டவள் முகத்தில் உயிர் திரும்புகிறது. மனத்திகிற் படங்கள் அனைத்தின் திறவுகோலும் அந்த ஒரு காட்சியிலே இருக்கிறது என்பேன். தனித்து விடப்பட்ட சாட்சியே உலகின் மிகப்பெரிய அச்சம். துணைச் சாட்சி ஒருவர் கிடைப்பதே அந்த அச்சத்திலிருந்து விடுதலை.

இதையே சிவாஜி கணேசன் நடித்த ‘புதிய பறவை’ 1964 இல் தலைகீழாக்கிக் காட்டிற்று. இறந்துபோனாள் என்று நாயகன் சொன்ன முதல் மனைவி, அவனுடைய புது வாழ்வின் தொடக்கத்தில் உயிரோடு வந்து நிற்கிறாள். ‘இவள் என் மனைவியல்லள்’ என்று அவன் கதறுகிறான். எவரும் நம்பவில்லை. நாம் அவனுக்காக உருகுகிறோம். கடைசியில் அவன் வாயாலேயே உண்மை வருகிறது: மனைவி அவன் அடித்த அடியில் இறந்தாள், அதை மறைத்து ரயிற்பாதையில் கிடத்தினான், ஆகவே வந்தவள் அவளாக இருக்கமுடியாது. வந்தவளும், அவன் காதலித்தவளும் பொலிசாரின் ஏற்பாடு! அவன் சொன்னது உண்மை; அவன் மறைத்ததும் உண்மை. ஒரே மனிதனிடம் இரண்டையும் கண்ட பின், இரக்கம் எங்கே நிற்பது, தீர்ப்பு எங்கே நிற்பது?

ஒரு சட்டத்தரணி இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேளாமல் வீடு செல்லமாட்டான். வலை விரித்து வாங்கிய அந்த ஒப்புதல் நீதிமன்றத்தில் நிற்குமா? பொலிஸ் அலுவலரிடம் செய்த குற்ற ஒப்புதலை எதிரிக்கு மாறாக நிரூபிக்கலாகாது என்று இலங்கையின் 1895 ஆம் ஆண்டுச் சான்றுக் கட்டளைச் சட்டம் விதித்தது. இந்தியாவின் 1872 ஆம் ஆண்டுச் சட்டமும் அவ்வாறே விதித்திருந்தது. காரணமில்லாமலா விதித்தார்கள்? பூட்டிய அறைக்குள் ஒருவன் தனித்து நிற்கும்போது அவன் மனத்தை எப்படியும் வளைக்கலாம் என்பதை அச்சட்டம் செய்தவர்கள் அறிந்திருந்தார்கள். 1979 இல் கொண்டுவரப்பட்ட பயங்கரவாதத் தடைச் சட்டம், உதவிப் பொலிஸ் அத்தியட்சர் தரத்துக்குக் குறையாத அலுவலரிடம் கொடுத்த வாக்குமூலத்தை ஏற்கலாமென்று அந்தக் காவலை உடைத்தது. அச்சுறுத்தி வாங்கப்பட்டதென்று நிறுவும் பாரத்தையும் எதிரியின் தலையிலேயே ஏற்றிற்று. பூட்டிய அறையில் நடந்ததற்கு எதிரி எங்கே போய்ச் சாட்சி தேடுவான்? திரையில் இரண்டரை மணித்தியாலம் நடுங்கிய நமக்கு, அந்த அறையில் நின்ற நம் பிள்ளைகளின் நடுக்கம் விளங்கவேண்டாமா?

வாவிக்கரையின் மூடுபனி

அன்பர்களே, திகிற் படத்தைப் பற்றிப் பேச வந்தவன் அரசியலுக்குத் தாவுகிறானே என்று எண்ணவேண்டாம். இந்தப் படங்கள் நம்மை வேறிடத்தாரைவிட ஆழமாகத் தைக்கின்றன. அதற்குக் காரணம் நம் வாழ்க்கையிலேயே இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் என் பேச்சு பாதிப் பேச்சாகும்.

1990 செப்ரெம்பர் 5 ஆம் நாள். வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் அகதிகளாகத் தங்கியிருந்தோரில் 158 பேர் இராணுவத்தினரால் கொண்டுசெல்லப்பட்டனர். பகல் வெளிச்சத்தில், தாயும் மனைவியும் பார்த்திருக்க, வாகனங்களில் ஏற்றப்பட்டனர், திரும்பவில்லை. நான்கு நாள் கழித்து, 9 ஆம் நாள், சத்துருக்கொண்டானிலும் அதை அடுத்த கிராமங்களிலுமாக 180 க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். காயத்தோடு தப்பிய ஒரே ஒருவர் நடந்ததைச் சொல்ல எஞ்சினார். ஓய்வுபெற்ற நீதியரசர் பாலகிட்ணர் தலைமையிலான சனாதிபதி ஆணைக்குழு பின்னர் இவற்றை விசாரித்துப் பதிவு செய்தது. பதிவு உண்டு, தண்டனை இல்லை.

அதற்கு ஒரு மாதம் முன், 1990 ஓகஸ்ற் 3 ஆம் நாள், காத்தான்குடிப் பள்ளிவாசல்கள் இரண்டில் தொழுதுகொண்டிருந்த 100 க்கும் மேற்பட்ட முஸ்லிம் சகோதரர்கள், சிறுவர்களும் உட்பட, சுட்டுக் கொல்லப்பட்டனர். உயிர்தப்பியோர் விடுதலைப் புலிகளையே சுட்டினர், அவர்கள் மறுத்தனர். தமிழர் மேடையில் நின்று இதை விழுங்கிவிட்டுப் பேச எனக்கு உரிமையில்லை. ஒரே சந்தையில் கொடுத்து வாங்கியவர்கள், ஒரே வாய்க்காலில் நீர் பாய்ச்சியவர்கள், மறுநாள் ஒருவர் முகத்தை ஒருவர் ஏறிட்டுப் பார்க்க அஞ்சினார்கள். அறிந்த முகம் அந்நியமாதல் என்று சற்றுமுன் நான் சொன்னது, ஓர் இரவில் இரு சமூகங்களுக்கு நேர்ந்தது.

கண் முன்னால் மகனை ஏற்றிச் செல்லக் கண்ட தாய், முகாமுக்குப் போய்க் கேட்டால் ‘நாங்கள் பிடிக்கவில்லை’ என்றார்கள். நிலையத்தில் கேட்டால் ‘வெளிநாடு போயிருப்பான்’ என்றார்கள். விளக்கு மங்கியதைக் கண்டவளிடம் ‘மங்கவில்லை’ என்ற அதே கணவனின் குரல்தான் இது. உடை மட்டும் வேறு. 2016 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி காணாமற்போனோர் அலுவலகம் உருவாக்கப்பட்டு 2018 இல் இயங்கத் தொடங்கியது. ‘இறந்தார்’ என்று சொல்லாமல் ‘காணவில்லை’ என்று மட்டும் சொல்லும் சான்றிதழ் ஒன்றும் அந்த 2016 இலேயே சட்டத்தில் இடம்பெற்றது. காகிதம் கிடைத்தது. ஆனால் ‘நீ கண்டது உண்மை’ என்ற சொல்லுக்காகவே அந்தத் தாய்மார் வெயிலில் படங்களை ஏந்தி நின்றார்கள். அந்தச் சொல்லைக் கொடுக்கப் பெரும் பணமா வேண்டும்?

படம் சொல்லாது விட்டது

இப்போது நம் அமிர்தகழிக் கலைஞரிடம் ஒரு குறை சொல்லவேண்டும். சந்துருவின் கையால் இறந்த பெண்கள் யார்? இரவில் தெருவோரத்தில் நின்ற ஏழைகள். சமூகம் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் தொழிலில் வீழ்ந்தவர்கள். கொன்றவனுடைய பிள்ளைப்பருவத்தைப் படம் விரித்துக் காட்டியது. அவன் தாயின் கண்ணீரைக் காட்டியது. கொல்லப்பட்டவர்களுக்குப் பிள்ளைப்பருவம் இல்லையா? அவர்களைத் தேடிக் காத்திருந்த தாய் இல்லையா? அவர்கள் வந்தார்கள், மாண்டார்கள், கதை ரேகாவிடம் போய்விட்டது. நம் அச்சமெல்லாம் நல்ல குடும்பத்துப் பெண்ணுக்காகவே செலவாயிற்று.

நோயுற்ற மனத்தை இரக்கத்தோடு பார்த்தது பாலு மகேந்திராவின் பெருமை. மனநோயாளரெல்லாம் கொலைகாரரென்று இதைப் பார்த்து எவரும் எண்ணிவிடலாகாது. வைத்திய சாலையின் மனநலப் பகுதிக்குச் செல்பவர்களிற் பெரும்பாலோர் பிறரைத் துன்புறுத்துவோரல்லர். துன்பத்தைத் தாமே சுமப்போர். யுத்தமும் 2004 ஆம் ஆண்டுக் கடற்கோளும் கண்ட இக்கரையில் அது எத்தனை குடும்பங்களின் கதையென்று மருத்துவத் துறையினர் அறிவீர்கள். ஆனால் கொன்றவனுக்குக் காட்டிய இரக்கத்தில் ஒரு பங்கையாவது கொல்லப்பட்டவர்களுக்குக் காட்டியிருந்தால், இந்தப் படம் இன்னும் ஆழமாக நம்மைக் கலக்கியிருக்கும். யாருடைய சாவு நமக்கு இழப்பு, யாருடைய சாவு வெறும் எண்ணிக்கை என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் திரையில் மட்டும் உள்ளதா?

இங்கே கமராவைக் கையிலெடுக்கத் துடிக்கும் இளைஞர்கள் இருக்கிறீர்கள். கையடக்கக் கருவியிலே படமெடுக்கும் வசதி உங்களுக்கு வந்திருக்கிறது. இரத்தச் சாயத்தை வாளியில் கரைத்து வைத்துக்கொண்டு தொடங்காதீர்கள். இரவுச் சாப்பாட்டை மூடிவைத்து, கதவைத் தாழிடாமல், ஒவ்வொரு வாகன ஓசைக்கும் எழுந்து வாசலுக்கு வரும் ஒரு தாயைப் படமெடுங்கள். ஒலிக்காத படலையைப் படமெடுங்கள். உலகம் நடுங்கும். எடுக்கும்போது, காணாமற் போனவனுக்கு ஒரு பெயர் கொடுங்கள். அவனுக்குப் பிடித்த உணவைச் சொல்லுங்கள். அவன் ஏறிய மரத்தைக் காட்டுங்கள்.

நம் கடமை

படம் பார்த்தவர்களுக்கும் கடமையுண்டு. அச்சத்தைச் சுவைத்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு போவதற்காக நாம் இங்கே கூடவில்லை. ‘தெருவில் ஒருவன் என்னைத் தொடர்கிறான்’ என்று ஒரு பெண்பிள்ளை வந்து சொன்னால், ‘நீ ஏன் அந்த நேரத்தில் போனாய்?’ என்று கேட்பவர் ‘காஸ்லைற்’ படத்துக் கணவனின் பக்கத்தில் நிற்கிறார். ‘வீட்டுக்குள் எனக்குப் பாதுகாப்பில்லை’ என்று ஒரு மருமகள் சொன்னால், ‘அவர் நல்ல மனிதராயிற்றே’ என்பவரும் அங்கேதான் நிற்கிறார். நல்ல மனிதர் போன்ற முகத்தைத்தானே இரண்டு மணித்தியாலம் திரையில் பார்த்தோம்!

முதலில் காது கொடுங்கள். நாள், நேரம், இடம், வாகன இலக்கம் ஆகியவற்றை அன்றே எழுதிவையுங்கள். ஆறின பின் எழுதியதைவிட அன்றே எழுதியதற்கு நீதிமன்றத்தில் வலுவுண்டு. பொலிஸ் நிலையத்துக்கு அவரைத் தனியே அனுப்பாதீர்கள். ஊரில் இருவராவது கூடப் போங்கள். முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டுப் பெறுங்கள். படித்தவர் எழுதிக்கொடுக்கட்டும், வேளாண் பெருமகன் துணைக்கு நடக்கட்டும், ஆசிரியர் பிள்ளைகளின் முகவாட்டத்தைக் கவனிக்கட்டும். நம்பிய பின் விசாரியுங்கள், விசாரிக்காமலே மறுக்காதீர்கள். சொன்னதெல்லாம் மெய்யென்று தீர்ப்பளிக்கும்படி நான் கேட்கவில்லை. தீர்ப்பு நீதிமன்றத்தின் வேலை. சாட்சியைத் தனியே விடாதிருப்பது நம் வேலை.

திரைக்குள் இருப்பவளிடம் ‘எழுந்து போ’ என்று நாம் கத்தினால் அவளுக்குக் கேளாது. ஆனால் நம் தெருவில், நம் ஒழுங்கையில், நம் வாவிக்கரையில் இருப்பவளுக்கு நம் குரல் கேட்கும். அங்கே நம் வாயை எவரும் கட்டவில்லை. விளக்கு மங்குகிறதென்று அவள் சொல்லும்போது, எழுந்து போய் அந்த விளக்கைப் பாருங்கள். பார்த்தபின், கண்டதைக் கண்டேன் என்று சொல்லுங்கள்.